வேகமானி உரைத்த பொய்

பொய் என்பது வாயால் மட்டுமே நிகழ்வதா, வாய் வாளாவிருக்கும்போதும் நிகழக்கூடியதா என்னும் வினா நம் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. பெரும்பாலும் அது ஏட்டு வினாவாக எழுந்து ஏட்டு விடையோடு அடங்கிவிடும். அண்மையில் சிவாஜிநகரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வேகமானி காரணமாக அவ்வினா நம்மை நேராகவே வந்து பற்றிக்கொண்டது. அன்று ஓர் இளைஞருக்கு நாம் அளித்த விடை தவறானது. கடைத்தெருவில் நால்வர் கேட்கத் தவறுரைத்தவர், அதைத் திருத்தும்போதும் நால்வர் கேட்கவே திருத்துதல் முறை. ஆதலின் இதனை எழுதலானோம்.

சிவாஜிநகரைக் காணாத அன்பர்களுக்கு ஒரு சொல். அது பெங்களூர்த் தண்டின் பழைய பகுதி. முன்னாளில் பிளாக்பள்ளி என வழங்கியது. ரஸ்ஸல் மார்க்கெட்டும் பேருந்து நிலையமும் அங்கேதான் உள்ளன. தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படும் ஊர் அது. பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் கடைகளும் அங்குண்டு. மக்கள் அதனைக் குஜரி என்பர். ஒரு கடையில் விளக்குகள் மட்டும் குவிந்திருக்கும், மற்றொன்றில் கார்புரேட்டர்கள். நாம் சொல்லவந்த கடையில் வேகமானிகள் ஒரு கோணிப்பையில் கிடந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் ஓர் எண். ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு சாலையில், யாரையோ சுமந்து ஓடிய தூரம் அது. வண்டி மறைந்து எண் மட்டும் எஞ்சியிருந்தது.

இளைஞர் நமக்கு நன்கு அறிமுகமானவர். அவர் தந்தையார் இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் விலை போகக்கூடியது, 1986-இல் வாங்கிய ஒரு புல்லட் வண்டி மட்டுமே. புல்லட்டின் வரலாறு பலரும் அறிந்ததே. 1954-இல் இந்திய அரசு படைப் பணிக்கென அவ்வண்டிகள் 800 வேண்டுமென இங்கிலாந்துக்கு ஆணை அனுப்பியது. மறு ஆண்டே சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிற்று. பழைய புல்லட்டுக்கு இன்று நல்ல விலை உண்டு. ஆயினும் இவ்வண்டியின் வேகமானி செத்துக் கிடந்தது. முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. எண்கள் 41,276-இல் நின்றுவிட்டன. எப்போது நின்றன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாயார், வீடு மாறிய ஆண்டில் என்றார், அது 2009. தமக்கையார், அதற்கும் முன்பே என்றார். தந்தையாரோ எஞ்சினின் ஒலியைக் கேட்டே வேகத்தை அறிந்துகொள்ளும் பழக்கமுடையவர். மீட்டரைப் பற்றி அவர் கவலைப்பட்டதேயில்லை.

இளைஞர் வண்டியைத் தள்ளிக்கொண்டு குஜரிக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். அங்கே வேகமானிகளைப் பழுது பார்ப்பவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பாய். அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதை ரிப்பேர் பண்ணவும் செய்யலாம். இல்லையென்றால் பையில் நல்ல மீட்டர் ஒன்று இருக்கிறது, அப்படியே மாட்டிவிடலாம். கூலியும் குறைவு, வண்டிக்கும் நல்லது” என்றார். பையிலிருந்து அவர் எடுத்த மீட்டரின் எண் 18,432.

“வண்டிக்கு நல்லது” என்பதன் பொருள் நம் மூவருக்கும் விளங்கிற்று. இளைஞர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: “ஐயா, நான் யாரிடமும் இது இவ்வளவுதான் ஓடியது என்று சொல்லப்போவதில்லை. வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்வார். இது பொய்யாகுமா?” அவர் வீட்டு நிலை நமக்குத் தெரியும். தமக்கையின் மகப்பேற்றுக்கு வாங்கிய கடன் இருந்தது. நாம் நெடுநேரம் சிந்திக்கவில்லை. “நீ வாயால் சொல்லாதவரை பொய் என்று எப்படிச் சொல்வது?” என்றோம். அருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த இருவர் தலையசைத்தனர். பாய் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையாகிவிட்டதால் வேலையை மறுநாளைக்கு ஒத்திவைத்து வீடு திரும்பினோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் சாத்திரமன்று, ஆலையில் நாம் கண்ட வேறொரு மீட்டர்.

நாம் நூற்பாலையில் ரிங் பிரேமில் சைடராகப் பணி செய்த காலம் அது, ஆண்டு 1991. ஒவ்வொரு பிரேமின் கோடியிலும் ஹாங்க் மீட்டர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். 840 கெஜ நூலுக்கு ஒரு ஹாங்க் என்று கணக்கு. முன் உருளை சுழலச் சுழல, பெட்டிக்குள் பற்சக்கரங்கள் சுழன்று எண்ணை ஏற்றும். ஷிப்ட் முடிவில் எழுத்தர் வந்து எண்ணைக் குறித்துக்கொள்வார். அந்த எண்ணை வைத்தே நமக்கு ஊக்கப்பணம். ஒருநாள் நம் பிரேமின் மீட்டர் உடைந்துபோக, மேஸ்திரி வேறொன்றைக் கொணர்ந்து பொருத்தினார். அது சிம்பிளக்ஸ் எந்திரத்திலிருந்து கழற்றியது. அங்கே உருளையின் குறுக்களவு ஒன்றேயரைக்கால் அங்குலம். நம் பிரேமில் ஓர் அங்குலம். பருத்த உருளைக்கெனச் செய்த மீட்டரைச் சிறுத்த உருளையில் பூட்டினால் என்னாகும்? எட்டு ஹாங்க் நூற்றால் ஒன்பது என்று காட்டும்.

இரண்டாம் நாளே நாம் அதனைக் கண்டுகொண்டோம். நம் கை அவ்வளவு நூற்கவில்லை என்பது நமக்குத் தெரியாதா? ஆயினும் வாய் திறக்கவில்லை. நாம் எவரிடமும் ஒரு பொய்ச் சொல்லும் உரைக்கவில்லை. எழுத்தர் தாமே வந்தார், தாமே பார்த்தார், தாமே எழுதினார். நாற்பது நாட்கள் அவ்வாறு சென்றன. ஆலையில் மற்றொரு கணக்கும் உண்டு. நாற்பதாம் நம்பர் நூல் நாற்பது ஹாங்க் சேர்ந்தால் ஒரு பவுண்டு நிற்கவேண்டும். மீட்டர் சொன்ன ஹாங்குக்கு ஏற்ற நிறை தராசில் நிற்கவில்லை. ஒன்பதில் ஒரு பங்கு நூல் எங்கே போயிற்று என்று அலுவலகத்தார் கேட்டனர். திருட்டு என்று முடிவு கட்டினர். நிறைந்த காப்புகளைப் பிரேமிலிருந்து எடுத்துச் செல்லும் டாஃபர் இளைஞன்மேல் ஐயம் விழுந்தது. பத்தொன்பது வயதினன். வாயிலில் மூன்று நாள் அவனைச் சோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, ஆயினும் நான்காம் நாள் அவனை வேலைக்கு வரவேண்டாமென்றார்கள். அன்றும் நாம் பேசவில்லை. பேசினால் நாற்பது நாள் ஊக்கப்பணத்தைத் திருப்பவேண்டுமே என்பது ஒரு காரணம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்பது மற்றொன்று. பின்னொரு நாள் எந்திரங்களைத் துடைத்துப் பூட்டும்போது மீட்டரும் மாறிற்று. எவரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. அந்த இளைஞனைப் பிற்காலத்தில் தேடினோம், கிடைக்கவில்லை.

இதனைக் கொண்ட நெஞ்சினர்தாம் சிவாஜிநகரில் நின்று, “வாயால் சொல்லாதவரை பொய்யில்லை” என்று ஓர் இளைஞருக்கு அறம் உரைத்தோம்.

நான்காம் சீலத்தைப் பற்றிப் பாலி உரைநூல்கள் கூறுவதை நம் அன்பர்கள் பலரும் படித்திருப்பர். பொய் நிறைவுறுவதற்கு நான்கு உறுப்புகள் கூறப்படுகின்றன: பொருள் உண்மையல்லாததாக இருத்தல், பிறரை மயக்கும் எண்ணம் இருத்தல், அதற்கான முயற்சி நிகழ்தல், மற்றவர் அதனை அவ்வாறே விளங்கிக்கொள்ளுதல். மூன்றாம் உறுப்பாகிய முயற்சி வாயால் நிகழலாம், உடலாலும் நிகழலாம் என்பதே உரைகாரர் கருத்து. இதனைப் பலமுறை மேடையில் விளக்கியிருக்கிறோம். விரலால் தவறான வழியைச் சுட்டுவதை எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தோம். திருப்புளியைப் பிடித்த கையும் உடல்தானே என்பது நமக்கு அதுவரை தோன்றவில்லை. 18,432 என்னும் மீட்டரைப் பூட்டும் கை ஒரு செய்தியை எழுதுகிறது. வாங்குபவர் அதனைப் படிக்கிறார். எழுதியவர் அருகில் வாய்மூடி நிற்பதால் எழுத்து மறைந்துவிடுமா?

நாட்டின் சட்டமும் இவ்வகையில் தெளிவாகவே உள்ளது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு வஞ்சித்தலைப் பற்றியது. நேர்மையின்றி உண்மையை மறைத்தலும் ஏமாற்றுதலே என்று அங்கு விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இவ்விளக்கம் இருந்தது. சட்டத்துக்கு அஞ்சி நடப்பது சீலமாகாது எனினும், சட்டம் கண்டுகொண்டதைச் சீலம் போதிப்பவர் காணத் தவறியது நமக்கு வெட்கத்தைத் தந்தது.

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே சென்று இளைஞரிடம் ஆலைக் கதை முழுவதையும் சொன்னோம். பையிலுள்ள மீட்டர் வேண்டாம், உள்ளதையே பழுது பாருங்கள் என்று அவரே பாயிடம் கூறினார்.

பாய் ஒரு மறுப்புரைத்தார். அதனை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்; அது தொழிலறிந்தவர் பேச்சு. பழைய வண்டி வாங்கத் தெரிந்தவன் எண்ணைப் பார்ப்பதில்லை என்றார் அவர். கால் வைக்கும் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பிரேக் மிதியின் விளிம்பு எவ்வளவு வழவழப்பாகிவிட்டது, கிக்கரை உதைத்தால் பற்கள் வழுக்குகின்றனவா என்று பார்ப்பான். எண்ணை நம்பி வாங்குபவன் தன் மடமைக்கு விலை கொடுக்கிறான். உண்மைதான். ஆயினும் தேர்ந்தவனை எந்த மீட்டராலும் ஏமாற்ற முடியாதென்றால், குறைந்த எண்ணுள்ள மீட்டரை மாட்டுவது யாரை எண்ணி? தேராதவனை எண்ணித்தான். அவன்தான் தேய்ந்த பிரேக்கைப் புதிது என்று நம்பி மலைச்சாலையில் இறங்குவான். இதை நாம் சொன்னபோது பாய் சிரித்தார். ஒப்பினாரோ இல்லையோ, கருவிப்பெட்டியைத் திறந்துவிட்டார்.

இனி அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஆலையில் கை பழகியவர்க்கு இப்படிப்பட்ட வேலையைக் காண்பதே ஒரு மகிழ்ச்சி.

இவ்வகை வேகமானியின் கருத்தை முதலில் காப்புரிமையாகப் பதிந்தவர் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே, ஆண்டு 1902. முன் சக்கரத்தின் ஹப்பில் ஒரு சிறு பற்சக்கரப் பெட்டி உண்டு. புல்லட்டின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 490 முறை சுழலும். பற்சக்கரங்கள் அதனை இருமடங்காக்கிக் கேபிளுக்குக் கொடுக்கும். கேபிளின் உறைக்குள் பல அடுக்காக முறுக்கிய எஃகுக் கம்பி. அதன் இரு முனையும் சதுரம். மேல்முனை மீட்டருக்குள் நுழைந்து ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழிகள் எழுந்து அதனையும் உடன் இழுக்கும். அது முற்றும் சுழன்றுவிடாமல் தலைமயிர் போன்ற ஒரு சுருள்வில் தடுத்துப் பிடிக்கும். இழுப்பும் தடுப்பும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும். அதுவே வேகம். எண்களோ அப்படியல்ல. அவை காந்தத்தை நம்புவதில்லை. அதே தண்டிலிருந்து பற்சக்கரம் பற்சக்கரமாகக் கணக்கிட்டு ஏறுகின்றன. ஆகவே வில் தளர்ந்தால் முள் தவறும், எண் தவறாது.

பழுது எங்கே என்பதைப் பாய் கண்டறிந்த முறை எளிது. மீட்டரின் அடியிலிருந்து கேபிளைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றச் சொன்னார். கேபிளின் மேல்முனை அசையவில்லை. ஆகவே பழுது கீழே. உள்கம்பியை உருவினார், பாதிதான் வந்தது, கீழ்முனையருகில் அறுந்திருந்தது. இளைஞர் மகிழ்ந்தார்: கேபிள் மாற்றினால் போதுமே! பாய் தலையை அசைத்தார். கம்பி காரணமின்றி அறுவதில்லை, மேலே ஏதோ இறுகியிருக்கிறது என்றார். ஒரு துண்டுக் கம்பியை மீட்டரின் துளையில் செருகி விரல்களால் உருட்டிப் பார்த்தார். கல் போல் இறுகியிருந்தது.

மீட்டரின் வாய்விளிம்பு தகட்டால் மடித்து அழுத்தப்பட்டது. அதனை நெம்பினால் வளைந்துவிடும். சிறு திருப்புளியால் விரற்கடை விரற்கடையாகச் சுற்றிவந்து நிமிர்த்தவேண்டும். அரைமணி நேரம் ஆயிற்று. உள்ளே பழைய கிரீஸ் தேன்மெழுகு போல் உறைந்து, சுழல்தண்டைப் பற்றியிருந்தது. அது வந்த வழியைப் பாய் விளக்கினார். கேபிளுக்குக் கிரீஸ் தடவுவோர், நன்மை செய்வதாக எண்ணி முழு நீளத்துக்கும் அள்ளித் தடவிவிடுகிறார்கள். சுழலும் கம்பி திருகாணி போன்றது. கிரீஸை மெல்ல மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுசெல்கிறது. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அது புகுந்துவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது முப்பதில் செல்லும் வண்டி நூறு என்று காட்டும். ஆகவே கீழ்ப்பகுதிக்கு மெல்லியதாகத் தடவி, மேலே ஒரு சாண் நீளத்தை உலர்ந்தே விடவேண்டும்.

முள்ளைப் பிடுங்குமுன் அதனை அடங்கு ஊசிக்கு மேலாகத் தூக்கிவிட்டு, வில் இயல்பாக எங்கே நிற்கிறது என்று முகத்தட்டில் பென்சிலால் புள்ளியிட்டார். அந்தப் புள்ளி இல்லாமல் முள்ளை மீண்டும் குத்தினால் மீட்டர் உயிர்பெறும். ஆனால் ஆயுள் முழுதும் தவறாகவே பேசும் என்றார். பெட்ரோலில் தோய்த்த துணிக் குச்சியால் கிரீஸைத் துடைத்தெடுத்து, தண்டின் குழிக்குக் கடிகார எண்ணெய் ஒரு துளி. வில்லுக்கு எண்ணெயே கூடாது. எண் சக்கரங்களைச் செலுத்தும் சிறு பற்சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன. கோணிப்பையிலிருந்து ஒரு மீட்டரைப் பிரித்து அதிலிருந்து எடுத்துப் போட்டார். அது அந்த 18,432 மீட்டரேதான்.

எண் சக்கரங்கள் இப்போது கையில் தனியாக இருந்தன. “எந்த எண் வைக்க?” என்றார் பாய்.

இங்கேதான் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் நின்றோம். 18,432 பொய் என்பது தெளிவு. 41,276 மெய்யா? வண்டி அந்த எண்ணுக்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. பழுது நீங்கிய மீட்டர் 41,276-இலிருந்து ஏறத் தொடங்கினால், காண்பவர் அதையே வண்டியின் முழு ஓட்டமாக நம்புவார். எவர் கையும் படாத, தொழிற்சாலை வைத்த எண், அதுவும் ஏமாற்றும். இளைஞர், உத்தேசமாக எழுபதாயிரம் என்று வைத்துவிடலாமா என்று கேட்டார். அவர் நோக்கம் நல்லதே. ஆயினும் அறியாததை அறிந்தது போல் எழுதுவதும் முன்னதற்கு உறவுதான். மேலும் இம்மீட்டருக்கு ஐந்தே சக்கரங்கள். 99,999 கடந்தால் மீண்டும் ஐந்து பூச்சியம். குறைவற்ற மீட்டரும் ஓரிடத்தில் தன் கடந்தகாலத்தை மறந்துவிடும்படியே படைக்கப்பட்டிருக்கிறது.

இச்சிக்கலை அமெரிக்க நாட்டுச் சட்டம் எதிர்கொண்ட விதம் நமக்குப் பின்னர் படிக்கக் கிடைத்தது. தூர எண்ணைத் திருப்பிவைப்பதை அந்நாடு 1972-இல் கூட்டாட்சிச் சட்டத்தால் தடுத்தது. பழுது பார்க்கும்போது பழைய எண்ணையே காட்டச் செய்ய இயலாவிடில், எண்ணைப் பூச்சியமாக்கி, பழுதுக்கு முன்னிருந்த எண்ணையும் பழுது பார்த்த நாளையும் எழுதி இடப்பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டவேண்டும் என்பது அங்குள்ள விதி. விற்பவர், எண் உண்மையான தூரமன்று என்று தெரிந்தால் அதனையே எழுத்தில் அறிவிக்கவேண்டும். சரியான எண்ணைக் கொடு என்று அச்சட்டம் வற்புறுத்தவில்லை. இல்லாததை எப்படிக் கொடுப்பது? தெரியாது என்பதைத் தெரிவி என்கிறது.

நாம் அன்று இச்சட்டத்தை அறியோம். இளைஞரே, “எண் இருந்தபடி இருக்கட்டும், ஒரு தாளில் எழுதி வைத்துவிடுகிறேன்” என்றார். பாய் 41,276 என்று சக்கரங்களை வரிசைப்படுத்தி, விளிம்பை மடித்து மூடினார்.

வேலை இன்னும் முடியவில்லை. முள் உண்மை பேசுகிறதா என்று சோதிக்கவேண்டும். ஞாயிறு விடியற்காலை பழைய சென்னைச் சாலையில் ஓசக்கோட்டைப் பக்கம் சென்றோம். நாம் பின்னிருக்கையில் கைக்கடிகாரத்துடன் அமர்ந்தோம். முள்ளை அறுபதில் நிலையாக வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சென்றால் அறுபது விநாடி ஆகவேண்டும். நமக்கு 66 விநாடி ஆயிற்று. திரும்பி வந்தோம், அப்போதும் 66. ஆகவே உண்மை வேகம் மணிக்கு ஐம்பத்து நான்கரை கிலோமீட்டர்; முள் ஐந்தரை கூட்டிச் சொல்கிறது. வில் வயதாகித் தளர்ந்தால் முள் இப்படி மிகைப்படும். காந்தம் வலுவிழந்தால் குறைத்துச் சொல்லும். பாயிடம் வந்து சொன்னோம். “கூட்டிச் சொன்னால் இருக்கட்டும், குறைத்துச் சொன்னால் கொண்டு வாருங்கள்” என்றார்.

இவர் சொல்லுக்கு உலகச் சான்றும் உண்டு. வேகமானிகளுக்கென ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் ஒழுங்குவிதி, மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் குறையவே கூடாது என்கிறது. ஓரளவு கூடலாம் என்று இடமளிக்கிறது. அப்படியானால், நன்மை கருதிய பொய் ஆகுமென்று விதியே ஒப்புகிறதா? சில அன்பர்கள் இதைப் பற்றிக்கொண்டு, குழந்தைக்கும் நோயாளிக்கும் சொல்லும் பொய்களை எல்லாம் உள்ளே அழைத்துவரக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. எந்த மீட்டரும் சற்றுப் பிழைபடும். காந்தமும் வில்லும் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஆட்பட்டவை. பிழை தவிர்க்க முடியாதபோது அது எவர் பக்கம் விழலாம் என்பதையே விதி தீர்க்கிறது: ஓட்டுபவரையும் சாலையில் நடப்பவரையும் காக்கும் பக்கம் விழட்டும் என்கிறது. அவ்விதி எவரும் படிக்கும்படி அச்சிடப்பட்டது, எவரிடமிருந்தும் மறைக்கப்படவில்லை. நம் ஹாங்க் மீட்டரும் மிகைத்தே காட்டிற்று. எட்டை ஒன்பது என்றது. மிகை நம் பைக்குள் விழுந்தது. அதன் எடை ஒரு டாஃபர் தலையில் விழுந்தது.

இளைஞர் முள்ளின் பிழையையும் தாளில் சேர்த்தார். நாம் திருத்தியது ஒரு சொல் மட்டுமே; “சுமார்” என்றிருந்ததை அடித்துவிட்டோம். தாளில் இருந்தது இவ்வளவு: மீட்டர் பல ஆண்டுகள் நின்றிருந்தது, எப்போது நின்றது என்பது தெரியாது, அக்காலத்தில் ஓடிய தூரம் தெரியாது, பழுது பார்க்கும்போது எண் 41,276, அறுபது என்று காட்டும்போது உண்மை வேகம் ஐம்பத்து நான்கரை.

முதலில் வந்தவர் தாளைப் படித்துவிட்டு, இத்தனை சொல்பவர் இன்னும் எதை மறைத்திருப்பாரோ என்று கூறிச் சென்றுவிட்டார். இரண்டாமவர் விலையைக் கேட்டதும் போனார். மூன்று வாரம் வண்டி வாசலிலேயே நின்றது. இளைஞர் நம்மை ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அவர் தாயார் நம்மைக் கண்டபோது முன்போல் பேசவில்லை. அது இயல்பே. கடன்காரர் வந்துபோகும் வீட்டில் அறவுரை சொன்னவரை வாழ்த்த எவர்க்கு மனம் வரும்? நான்காம் வாரம் ஒரு நடுவயதினர் வந்தார். தாளைப் படித்தார். பிறகு மண்டியிட்டு, பாய் சொன்னபடியே கால்ரப்பரையும் பிரேக் மிதியையும் தடவிப் பார்த்தார். கிக்கரை இரண்டுமுறை உதைத்தார். இளைஞர் கேட்டதற்கு ஏழாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தார். கடனில் அந்த ஏழாயிரம் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நாற்பது நாள் ஊக்கப்பணத்தை ஆலைக்குத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. அந்த ஆலையும் இல்லை.

வாங்கியவர் தாளை நான்காக மடித்துப் பதிவுச் சான்றுடன் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். வண்டியை உதைத்துக் கிளப்பியபோது முள் சற்றே நடுங்கி எழுந்தது. எண் 41,339.